லிங்க் அனுப்பும் முன் அதில் ஒட்டியிருக்கும் கண்காணிப்புக் குறிகளை நீக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு கட்டுரையையோ வீடியோவையோ யாருக்காவது அனுப்பலாம் என்று லிங்கை காப்பி செய்கிறோம். ஒட்டிப் பார்த்தால் நான்கு வரி நீள்கிறது. பக்கத்தைத் திறக்கப் பெரும்பாலும் முதல் வரியே போதும். மீதியெல்லாம் அந்த லிங்க் எந்த ஆப்பிலிருந்து, எந்த மடலிலிருந்து, யாருடைய கணக்கிலிருந்து கிளம்பியது என்று தளத்துக்குச் சொல்லும் குறிகள். நீங்கள் அனுப்பியதை இன்னொருவர் திறந்தால், உங்களுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்பதைத் தளம் ஊகித்துக்கொள்ள அதுவே போதும்.

இதை நீக்குவது கடினமான வேலை இல்லை. ஆனால் புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், காரணம் எப்போதும் ஒன்றுதான்: வரிசை மாறிவிடுகிறது. பிரிக்க வேண்டியதைப் பிரிக்கும் முன் வெட்டுகிறார்கள், அனுப்பிய பிறகு சோதிக்கிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

ஒரு குறிப்பு. லிங்கில் இந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். இங்கே அவற்றின் ஒலிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ‘எஃப்பிசிஎல்ஐடி’ என்று பார்த்தால் எழுத்து எழுத்தாகப் பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்

நோட்பேட் போன்ற சாதாரண எழுதும் ஆப் ஒன்று வேண்டும். போனில் என்றால் குறிப்பு எழுதும் ஆப் எதுவும் சரி. லிங்கை நேரடியாக அரட்டைப் பெட்டியில் ஒட்டித் திருத்தாதீர்கள். சிறிய பெட்டியில் லிங்கின் நடுப்பகுதி கண்ணில் படாது, கை தவறி அனுப்பிவிடவும் வாய்ப்பு அதிகம்.

அடுத்து, பிரவுசரில் ஒரு பிரைவேட் விண்டோ. எந்தக் கணக்கிலும் நுழையாத நிலையில் சோதிக்க இது தேவைப்படும்.

மூல லிங்கை நோட்பேடின் முதல் வரியில் அப்படியே விட்டுவிட்டு, அதன் நகலை இரண்டாவது வரியில் ஒட்டி அதில் மட்டும் வெட்டுங்கள். தேவையான பகுதி போய்விட்டால் திரும்பிப் பார்க்க மூலம் இருக்க வேண்டும்.

2. லிங்கின் பகுதிகளைப் படிக்கப் பழகுங்கள்

இதோ ஒரு மாதிரி லிங்க்:

உதாரணம்.காம்/கட்டுரை?எண்=4821&யுடிஎம்_சோர்ஸ்=மடல்&பக்கம்=2&எம்சி_ஈஐடி=7அ3க9#கருத்துகள்

கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது தளமும் பக்கத்தின் பாதையும். கேள்விக்குறிக்குப் பிறகு வருவது தளத்துக்கு நாம் கொடுக்கும் கூடுதல் தகவல்கள். ஒவ்வொரு தகவலும் ‘பெயர்=மதிப்பு’ என்ற ஜோடியாக இருக்கும். ஜோடிகளுக்கு நடுவே & நிற்கும். கடைசியில் # வந்தால், பக்கத்துக்குள் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்கிறது.

இந்த லிங்கில் நான்கு ஜோடிகள். எண், பக்கம் இரண்டும் கட்டுரையைக் காட்டத் தேவை. மற்ற இரண்டும் கண்காணிப்புக் குறிகள். அவை இடையிடையே கலந்து கிடப்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான தளங்களுக்கு ஜோடிகளின் வரிசை முக்கியமில்லை என்பதால் குறி எங்கு வேண்டுமானாலும் உட்காரும்.

இங்கேதான் முதல் தடுமாற்றம். ‘கேள்விக்குறியிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிடு’ என்ற குறுக்குவழியை யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். செய்தித்தளங்கள் பலவற்றில் அது வேலை செய்யும். மேலே உள்ள லிங்கில் செய்தால் எண் போய்விடும், எண் போனால் கட்டுரையும் போய்விடும். வாங்குபவருக்கு முகப்புப் பக்கமோ பிழைச் செய்தியோதான் வரும்.

3. லிங்கை நல்ல இடத்திலிருந்து எடுங்கள்

ஒரே பக்கத்துக்கு ஆப்பின் பகிர் பட்டன் ஒரு லிங்கைத் தரும், பிரவுசரின் முகவரிப் பட்டை வேறொன்றைத் தரும். பகிர் பட்டன் தரும் லிங்கில் பெரும்பாலும் ‘இதைப் பகிர்ந்தது இந்தக் கணக்கு’ என்ற குறி சேர்ந்தே வரும். யார் பகிர்ந்தார்கள் என்பதைப் பின்தொடரவே அந்த பட்டன் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

முடிந்தால் பக்கத்தை பிரவுசரில் திறந்து, முகவரிப் பட்டையிலிருந்து எடுங்கள். அங்கும் குறிகள் இருக்கலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியும் வடிவில் இருக்கும், வெட்ட முடியும். ஆப் தரும் குட்டி லிங்கில் அவை உள்ளே மறைந்திருக்கும்.

ஈமெயிலிலோ அரட்டையிலோ வந்த லிங்கை ‘லிங்கை காப்பி செய்’ என்று எடுக்கும்போது, கண்ணில் தெரியும் எழுத்து வேறு, உள்ளே இருக்கும் முகவரி வேறு என்பதை மறக்க வேண்டாம். நோட்பேடில் ஒட்டினால்தான் உண்மையான முகவரி தெரியும்.

4. வெட்டும் முன் உறையைப் பிரியுங்கள்

இந்த வேலையில் அதிகம் தவறுவது இந்தப் படியில்தான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சில லிங்குகள் நேராகப் பக்கத்துக்குப் போவதில்லை. ஒரு இடைத்தளத்துக்குப் போய், அங்கே கிளிக் பதிவான பிறகே உண்மையான பக்கத்துக்குத் திருப்பிவிடப்படும். உண்மையான முகவரி அதன் உள்ளே, ஒரு உறைக்குள் கடிதம் போல, வைக்கப்பட்டிருக்கும். ஃபேஸ்புக்கிலிருந்து வெளியே போகும் லிங்குகள், கூகுள் தேடல் முடிவிலிருந்து காப்பி செய்யும் சில லிங்குகள், யூடியூப் வீடியோ விளக்கத்தில் உள்ள வெளி லிங்குகள், மடலில் வரும் லிங்குகளைப் பாதுகாப்புக்காக அலுவலக அவுட்லுக் மாற்றித் தரும் சேஃப்லிங்க்ஸ் எல்லாம் இந்த வகை.

உறை லிங்கை அடையாளம் காண்பது எளிது. தளத்தின் பெயர் நீங்கள் படித்த கட்டுரையின் தளமாக இருக்காது. நடுவில் ‘யு=’, ‘க்யூ=’, ‘யுஆர்எல்=’ என ஏதாவது வந்து, அதை ஒட்டியே இன்னொரு முகவரி % குறிகளோடு தொடங்கும்:

உறை.காம்/போ?யுஆர்எல்=எச்டிடிபிஎஸ்%3ஏ%2எஃப்%2எஃப்உதாரணம்.காம்%2எஃப்கட்டுரை%3எஃப்எண்%3டி4821%26பக்கம்%3டி2&டேட்டா=05%7சி&சரிபார்ப்பு=9கே2

முகவரிக்குள் இன்னொரு முகவரியை வைக்கும்போது சில குறிகளை அப்படியே எழுதினால் குழப்பம் வரும். அதனால் அவை மாற்றி எழுதப்படுகின்றன. உங்களுக்குத் தேவைப்படுபவை ஐந்துதான்: %3ஏ என்பது முக்காற்புள்ளி (:), %2எஃப் என்பது சாய்கோடு (/), %3எஃப் என்பது ?, %3டி என்பது =, %26 என்பது &.

இப்போது வரிசையைக் கவனியுங்கள். முதலில் ‘யுஆர்எல்=’ வரை உள்ளதை நீக்குங்கள். அடுத்து, மீதியில் வரும் முதல் நேரடி & குறியிலிருந்து கடைசி வரை நீக்குங்கள். அதற்கப்புறம்தான் % குறிகளை மாற்ற வேண்டும்.

ஏன் இந்த வரிசை? நேரடி & என்பது உறைக்குச் சொந்தம். %26 என்று எழுதப்பட்ட & உள்ளே இருக்கும் கடிதத்துக்குச் சொந்தம். முதலிலேயே எல்லா % குறிகளையும் மாற்றிவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடும். அப்புறம் ‘பக்கம்=2’ யாருடையது, ‘சரிபார்ப்பு’ யாருடையது என்று சொல்ல வழியே இல்லை.

வெட்டி, மாற்றிய பிறகு கிடைப்பது:

எச்டிடிபிஎஸ்://உதாரணம்.காம்/கட்டுரை?எண்=4821&பக்கம்=2

சில சமயம் %253ஏ என்பது போல வரும். %25 என்பது % குறியே. உறைக்குள் உறை இருக்கிறது என்று அர்த்தம். %25-ஐ % ஆக்கிவிட்டு, இதே வேலையை இன்னொரு முறை செய்யுங்கள்.

அவுட்லுக் உறையை மட்டும் எப்போதும் பிரித்தே அனுப்புங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். அதன் ‘டேட்டா’ பகுதியை நிதானமாகப் படித்தால், மடல் யாருக்கு வந்ததோ அவருடைய ஈமெயில் முகவரி அங்கே இருக்கும். @ குறி %40 என மாறியிருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. அந்த லிங்கைப் பொதுக் குழுவில் போட்டால் உங்கள் அலுவலக முகவரியையும் சேர்த்துப் போட்டதாகிவிடும்.

இனி குட்டி லிங்குகள். பிட்.லி மாதிரியானவற்றில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிட்.லி லிங்கின் கடைசியில் ஒரு + சேர்த்துத் திறந்தால், பக்கத்துக்குப் போகாமல் லிங்க் எங்கே போகிறது என்ற விவரம் காட்டும். மற்றவற்றை பிரைவேட் விண்டோவில் திறந்து, கடைசியாக வந்து நிற்கும் முகவரியை எடுங்கள். செய்திமடல்களில் வரும் நீளமான, பொருள் புரியாத கிளிக் லிங்குகளுக்கும் இதுவே வழி. திறப்பதால் உங்கள் கிளிக் பதிவாகும்தான். ஆனால் அடுத்தவர் திறக்கும்போது உங்கள் பெயரில் பதிவாகாது. அனுப்பியவர் யாரென்று தெரியாத குட்டி லிங்காக இருந்தால் திறக்கவும் வேண்டாம், பகிரவும் வேண்டாம்.

5. எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது

உறை போய்விட்டது. இனி ஜோடி ஜோடியாகப் பாருங்கள்.

‘யுடிஎம்_’ என்று தொடங்கும் எதையும் யோசிக்காமல் வெட்டலாம். சோர்ஸ், மீடியம், கேம்பெய்ன், டெர்ம், கன்டென்ட் என்று ஐந்து வழக்கமாக வரும். எந்த இடத்தில், எந்த விளம்பர முயற்சியில் இந்த லிங்க் வைக்கப்பட்டது என்பதைத்தான் இவை சொல்கின்றன.

‘சிஎல்ஐடி’ என்று முடிபவை இன்னும் கூர்மையானவை. அவை ஒரு குறிப்பிட்ட கிளிக்குக்கான தனி எண்கள். ஃபேஸ்புக் சேர்ப்பது எஃப்பிசிஎல்ஐடி, கூகுள் விளம்பரம் சேர்ப்பது ஜிசிஎல்ஐடி, டிக்டாக் சேர்ப்பது டிடிசிஎல்ஐடி, எக்ஸ் தளம் சேர்ப்பது டிடபிள்யூசிஎல்ஐடி. மைக்ரோசாஃப்ட் விளம்பரத்தில் மட்டும் எம்எஸ்சிஎல்கேஐடி என்று சற்று மாறி வரும். எல்லாவற்றையும் வெட்டலாம்.

செய்திமடல் குறிகளில்தான் அதிக கவனம் வேண்டும். செய்திமடல் அனுப்பும் சேவையான மெயில்சிம்ப் சேர்க்கும் ‘எம்சி_ஈஐடி’ மடல் பெற்ற ஒருவரைத் தனியாகக் குறிக்கும் எண். அதே மாதிரி சேவைகளான ஹப்ஸ்பாட்டின் ‘_எச்எஸ்இஎன்சி’, மார்க்கெட்டோவின் ‘எம்கேடி_டிஓகே’ இரண்டும் அதே இனம். இவற்றோடு லிங்கைப் பகிர்ந்தால், திறப்பவர்கள் செய்வதெல்லாம் உங்கள் கணக்கில் எழுதப்படலாம்.

பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டியவை: எண், பக்கம், தேடல் சொல், மொழி, நிறம், அளவு, நேரம் ஆகியவற்றைக் குறிக்கும் ஜோடிகள். பெயர் தெரியாத ஜோடி ஒன்று வந்தால் மதிப்பைப் பாருங்கள். படித்தால் புரிகிற சொல்லோ சிறிய எண்ணோ என்றால் பெரும்பாலும் பக்கத்துக்குத் தேவையானது. புரியாத எழுத்துச் சரம் நீளமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சந்தேகம் என்றால் வெட்டு என்பதல்ல, வெட்டிச் சோதித்துப் பார் என்பதுதான் விதி.

6. ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டிய இடத்தைச் சரிசெய்யுங்கள்

ஒரு ஜோடியை வெட்டும்போது அதன் பெயர், =, மதிப்பு, அதை ஒட்டிய ஒரு & ஆகிய நான்கும் சேர்ந்தே போக வேண்டும். மீதமிருக்கும் முதல் ஜோடிக்கு முன் ? இருக்க வேண்டும். அடுத்தடுத்தவற்றுக்கு முன் & இருக்க வேண்டும். ஜோடியே மிஞ்சவில்லை என்றால் கேள்விக்குறியையும் எடுத்துவிடுங்கள்.

யூடியூபில் இது அடிக்கடி உடைகிறது. நேரம் குறித்துப் பகிரும் லிங்க் இப்படி வரும்: வீடியோ அடையாளம், அப்புறம் ?எஸ்ஐ=நீளச்சரம், கடைசியில் &டி=90. இதில் எஸ்ஐ மட்டும் போக வேண்டும். அதை வெட்டியவர்கள் &டி=90 என்பதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். முன்னால் ? இல்லாததால், வீடியோ 90-வது விநாடியில் தொடங்கும் என்று நம்ப முடியாது. & குறியை ? ஆக மாற்றுங்கள்: ?டி=90. வேலை முடிந்தது.

7. கேள்விக்குறிக்கு வெளியே ஒளிந்திருப்பவை

எல்லாக் குறிகளும் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதில்லை. அமேசான் லிங்கில் பாதையின் கடைசியில் ‘/ரெஃப்=’ என்று தொடங்கும் ஒரு துண்டு வரும். அதை வெட்டலாம்.

# குறிக்குப் பின்னாலும் யுடிஎம் ஒட்டியிருப்பது உண்டு. வெட்டலாம். ஆனால் #/ அல்லது #! என்று தொடங்கினால் தொடாதீர்கள். அந்தத் தளம் பக்கங்களையே அப்படித்தான் அடையாளம் காண்கிறது. #:~: என்று வந்தால், பக்கத்தில் ஒரு வாக்கியத்தை வண்ணமிட்டுக் காட்டுவதற்கானது அது. அந்த வாக்கியத்தைத்தான் காட்ட விரும்புகிறீர்கள் என்றால் வையுங்கள், இல்லையென்றால் எடுங்கள்.

ஃபேஸ்புக் பதிவுகளில் ‘பிஎஃப்பிஐடி’ என்று தொடங்கும் நீண்ட சரம் பாதையிலேயே இருக்கும். பதிவின் அடையாளமே அதுதான். வெட்டினால் பதிவு திறக்காது, விட்டுவிட வேண்டியதுதான்.

8. அதிகம் பகிரப்படும் தளங்கள்

யூடியூபில் நீளமான லிங்க் என்றால் ‘வி=’ என்பதும் அதன் 11 எழுத்து அடையாளமும் கட்டாயம். ‘டி’ நேரம். ‘லிஸ்ட்’ பிளேலிஸ்ட், முழு வரிசையையும் அனுப்ப நினைத்தால் மட்டும் வையுங்கள். எஸ்ஐ, பிபி இரண்டையும் எடுங்கள். பிபி பற்றிப் பலருக்குத் தெரியாது: யூடியூபில் தேடி ஒரு வீடியோவைத் திறந்தால் லிங்கில் அது சேரும், நீங்கள் தேடிய சொற்களே குறியாக்கமாக அதற்குள் இருக்கும்.

அமேசானில் ‘/டிபி/’ என்பதும் அதை அடுத்த 10 எழுத்து, எண் கொண்ட அடையாளமும் போதும். தளத்தின் பெயருக்கும் /டிபி/ என்பதற்கும் நடுவில் உள்ள பொருளின் பெயர்கூடத் தேவையில்லை. தேடிப் பிடித்த பொருளின் லிங்கில் நீங்கள் தேடிய சொற்களும், தேடிய நேரமும் இருக்கும். எல்லாவற்றையும் வெட்டலாம். குறிப்பிட்ட ஒரு விற்பனையாளரிடமிருந்து வாங்கச் சொல்லித்தான் அனுப்புகிறீர்கள் என்றால் மட்டும் விற்பனையாளர் எண்ணை விட்டு வையுங்கள்.

அமேசான் லிங்கில் வரும் ‘டேக்=’ என்பதைப் பற்றி என் கருத்து வேறு. ஒரு பொருளை மெனக்கெட்டு அலசி எழுதியவருக்கு அதன் வழியாகத்தான் விற்பனையில் ஒரு சிறு பங்கு போகிறது. அவர் எழுத்தால்தான் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால், பொருளின் லிங்கை அனுப்பாமல் அவருடைய கட்டுரையின் லிங்கையே அனுப்புங்கள். அவருக்கும் நியாயம், படிப்பவருக்கும் பயன்.

இன்ஸ்டாகிராமில் ‘ஐஜிஎஸ்எச்’ போக வேண்டும். பல படங்கள் உள்ள பதிவில் குறிப்பிட்ட படத்தைக் காட்ட வரும் ‘ஐஎம்ஜி_இன்டெக்ஸ்’ இருக்கலாம். ஸ்பாட்டிஃபையில் எஸ்ஐ போக வேண்டும். எக்ஸ் தளத்தில் பதிவின் எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ‘எஸ்’, ‘டி’ இரண்டும் வேண்டாம். யூடியூபில் டி நேரம், எக்ஸில் டி கண்காணிப்புக் குறி. ஒரு தளத்தில் கற்றதை இன்னொரு தளத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

டிக்டாக், ரெடிட் ஆப்கள் பகிர் பட்டனில் தருவது குட்டி லிங்குகள். பகிர்ந்த கணக்கோடு அவை கட்டப்பட்டிருக்கும். டிக்டாக்கில் அமைப்புகளைப் பொறுத்து, லிங்கைத் திறப்பவருக்கு உங்கள் கணக்கையே பரிந்துரைக்கவும் செய்யும். நான்காவது படியில் சொன்னபடி பிரைவேட் விண்டோவில் திறந்து, முழு முகவரியை எடுத்து, கேள்விக்குறியிலிருந்து வெட்டுங்கள். இந்த இரண்டு தளங்களிலும் அப்படி மொத்தமாக வெட்டலாம்.

கூகுள் தேடல் பக்கத்தையே அனுப்ப வேண்டுமென்றால் ‘க்யூ=’ மட்டும் போதும். படத் தேடல் என்றால் ‘யுடிஎம்=2’ என்று ஒலிக்கும் ‘யுடிஎம்’ ஒன்று இருக்கும். இதில் எழுத்து வரிசை வேறு: யு, டி, எம் மூன்று எழுத்தில் நடுவில் இருப்பது ஆங்கில அகரவரிசையின் இருபதாவது எழுத்தான டி (T) அல்ல, நான்காவது எழுத்தான டி (D). அடிக்கோடு இல்லாமல், மதிப்பு ஒரு சிறிய எண்ணாக இருந்தால் அது தேடல் வகை, விட்டுவிடுங்கள். மீதியில் ‘ஓக்யூ’ என்பது நீங்கள் முதலில் தட்டச்சு செய்த சொல். ‘பிஐடபிள்யூ’, ‘பிஐஎச்’ இரண்டும் உங்கள் பிரவுசர் ஜன்னலின் அகலமும் உயரமும். இதெல்லாம் அடுத்தவருக்கு எதற்கு?

கூகுள் மேப்ஸ் நீள லிங்கில் @ குறிக்குப் பின் வரும் எண்கள், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த வரைபடத்தின் மையப்புள்ளி. வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்த லிங்க் என்றால் அனுப்பும் முன் யோசியுங்கள். இடத்தின் பெயரைத் தேடி, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, புதிதாக லிங்க் எடுப்பதே நல்லது.

9. வெட்டக் கூடாத லிங்குகள், அனுப்பவே கூடாத லிங்குகள்

சில நீளச் சரங்கள் சாவிகள். ஜூம் கூட்டத்தின் ‘பிடபிள்யூடி’, டிராப்பாக்ஸின் ‘ஆர்எல்கீ’, கூகுள் டிரைவின் ‘ரிசோர்ஸ்கீ’ ஆகியவற்றை எடுத்தால் கதவு திறக்காது. கூகுள் டாக்ஸில் வரும் ‘யுஎஸ்பி=ஷேரிங்’ மட்டும் வெறும் குறி, வெட்டலாம். ‘சிக்னேச்சர்’, ‘எக்ஸ்பையர்ஸ்’ என்ற பெயர்கள் தெரிந்தால் லிங்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். முழு முகவரியையும் வைத்துக் கையொப்பம் சரிபார்க்கப்படுகிறது.

அனுப்பவே கூடாதவை வேறு. கடவுச்சொல் மாற்றும் லிங்க், ஒரு முறை நுழைவு லிங்க், செய்திமடலிலிருந்து விலகும் லிங்க், ‘செஷன்’ என்ற சொல்லோ ‘எஸ்ஐடி’ என்ற பெயரோ உள்ள லிங்க். செஷன் எண் என்பது நீங்கள் கணக்கில் நுழைந்திருப்பதைத் தளம் அடையாளம் காணும் எண். சில தளங்களில் அது இருந்தால் போதும், உங்கள் கணக்குக்குள்ளேயே நுழைந்துவிடலாம். இவற்றைச் சுத்தம் செய்து அனுப்ப முயல வேண்டாம். பொதுவான பக்கத்தைத் தேடிப் பிடித்து அதன் லிங்கை எடுங்கள்.

10. பிரைவேட் விண்டோவில் சோதியுங்கள்

சுத்தம் செய்த லிங்கை பிரைவேட் விண்டோவில் திறங்கள். உங்கள் வழக்கமான விண்டோவில் சோதித்தால் பயனில்லை. நீங்கள் ஏற்கெனவே கணக்கில் நுழைந்திருப்பதால், அடுத்தவருக்குத் திறக்காத பக்கமும் உங்களுக்குத் திறக்கும்.

பக்கம் திறந்தால் மட்டும் போதாது. அதே கட்டுரையா, அதே மொழியா, அதே நிறப் பொருளா, வீடியோ அதே நேரத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

சோதனை முடிந்ததும் பலர் செய்யும் ஒன்று முழு உழைப்பையும் வீணாக்கிவிடும்: திறந்த பக்கத்தின் முகவரிப் பட்டையிலிருந்து மறுபடி காப்பி செய்கிறார்கள். பக்கம் திறக்கும்போதே புதிய குறிகளைத் தளம் சேர்த்திருக்கலாம். அனுப்ப வேண்டியது நோட்பேடில் இருக்கும் வரியைத்தான்.

ஈமெயிலிலோ ஆவணத்திலோ ஒட்டும்போது வடிவமைப்பு இல்லாமல் ஒட்டுங்கள். ஏற்கெனவே ஒட்டிய லிங்கின் எழுத்துகளை அங்கேயே திருத்தினால், கண்ணுக்குத் தெரியும் எழுத்து மட்டும் மாறும். கிளிக் செய்தால் பழைய நீள லிங்கே திறக்கும்.

11. வேலையைக் குறைக்கும் கருவிகள்

கையால் செய்யத் தெரிந்த பிறகு கருவிகளுக்குப் போங்கள். கருவி தவறவிட்டதைக் கண்டுபிடிக்க அந்தப் பழக்கம் வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸில் லிங்கின் மேல் வலது கிளிக் செய்தால், குறிகளை நீக்கிக் காப்பி செய்யும் தேர்வு உண்டு. 2023-இல் வந்த 120-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. பிரேவ் பிரவுசரிலும் ‘காப்பி க்ளீன் லிங்க்’ என்று உண்டு. பிரவுசருக்குத் தெரிந்த குறிகளை மட்டுமே இவை நீக்கும்.

சஃபாரியில் ஐஓஎஸ் 17 முதல் பிரைவேட் விண்டோவில் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆப்பிளின் மெயில், மெசேஜஸ் ஆப்களிலும் உண்டு. தனிநபரைப் பின்தொடரும் ஜிசிஎல்ஐடி போன்றவற்றை நீக்கும், யுடிஎம் அப்படியே இருக்கும். லிங்கில் யுடிஎம் தெரிகிறதே, பாதுகாப்பு வேலை செய்யவில்லையோ என்று குழம்ப வேண்டாம்.

பிரவுசர் நீட்சிகளில் க்ளியர்யுஆர்எல்ஸ் இதற்கென்றே உள்ளது. ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தனியாக எதுவும் போட வேண்டாம். அதன் வடிப்பான் பட்டியலில் தனியுரிமைப் பிரிவுக்குள் யுஆர்எல் கண்காணிப்புப் பாதுகாப்பு என்ற பட்டியல் இருக்கும், அதை டிக் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் யுஆர்எல்செக் என்ற திறமூல ஆப், லிங்கைத் திறக்கும் முன் நிறுத்திக் காட்டும், சுத்தமும் செய்யும்.

லிங்கை ஒட்டினால் சுத்தம் செய்து தரும் இணையதளங்களும் உண்டு. நான் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் யாருக்கு என்ன அனுப்புகிறீர்கள் என்பதை மறைக்கத்தான் இத்தனையும் செய்கிறோம், அதை ஏன் மூன்றாவது தளத்துக்குக் கொடுக்க வேண்டும்?

12. இது எதுவரை பாதுகாக்கும்

சுத்தமான லிங்கைத் திறப்பவரையும் தளம் பார்க்கும். அவருடைய ஐபி முகவரி, குக்கீகள், நுழைந்திருக்கும் கணக்கு எல்லாம் அப்போதும் தெரியும். இங்கே நீக்கியது உங்களையும் அவரையும் இணைக்கும் கண்ணியை மட்டும்தான். யார் என்றே தெரியாமல் பக்கத்தைத் திறக்க வேண்டியவருக்கு வேறு ஏற்பாடுகள் தேவை.

13. ஏற்கெனவே அனுப்பிவிட்டால்

யுடிஎம், எஸ்ஐ போன்றவை என்றால் பதற வேண்டாம். செய்தியைத் திருத்தி லிங்கை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அது கடந்துவிட்டால் அழித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.

செஷன் எண்ணோடு அனுப்பியிருந்தால் செய்தியை அழிப்பது போதாது. அந்தத் தளத்தில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள், அப்போதுதான் பழைய செஷன் செல்லாமல் போகும். கடவுச்சொல் மாற்றும் லிங்க் போயிருந்தால், புதிதாக ஒன்றைக் கேட்டு வாங்கி உடனே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, கணக்கின் ஈமெயில் முகவரியும் போன் எண்ணும் உங்களுடையதாகவே இருக்கிறதா என்று பாருங்கள். ஆவணத்தின் சாவி லிங்க் தவறான குழுவுக்குப் போயிருந்தால், ஆவணத்தின் பகிர்வு அமைப்பில் லிங்க் அணுகலை நிறுத்திவிட்டு, தேவையானவர்களை மட்டும் ஈமெயில் மூலம் சேர்த்துக்கொள்ளுங்கள்.